எறும்புக்கு எட்டாத கோலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் நாளிதழ்களில் நாளுக்கொரு கோலம் வரும். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. 13 புள்ளி, 13 வரிசை. கை தேர்ந்தவர்களுக்கு அது விருந்து. மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதில் ஒன்றுகூடக் கைக்கு எட்டாது. அரையாண்டு விடுமுறை மார்கழியின் நடுவில்தான் வருகிறது. அந்தப் பத்து நாளும் பிள்ளைகளை வாசலில் உட்கார வைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் மாவு. "கோலம் எறும்புக்குச் சாப்பாடு" என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லிவிட்டுக் கையில் கொடுப்பதோ கடையில் வாங்கிய கோலப்பொடி. அது வெள்ளைக்கல்லை அரைத்த தூள். சாயங்காலம் குழந்தை போய்ப் பார்த்தால் ஓர் எறும்புகூட அதைச் சீண்டியிருக்காது. சொன்னது பொய் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். வாய்விட்டுச் சொல்லாது, அவ்வளவுதான். வாசல் முழுக்க அரிசிமாவு போடக் கட்டுப்படியாகாது என்பது நியாயம். பெரிய கோலத்தைப் பொடியில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை போடும் ஒரு முழக் கோலத்துக்கு மட்டுமாவது அரிசிமாவு இருக்கட்டும். இரண்டு மேசைக்கரண்டி மாவு தாராளமாகப் போதும்.

அதிலும் எந்த மாவு என்பது முக்கியம். இடியாப்பத்துக்கு வறுத்துச் சலித்த மாவு ஆகாது. மிகவும் நைசாக இருப்பதால் பிடித்த பிடியில் பொலபொலவென்று கொட்டிவிடும்; காற்றடித்தால் பறக்கும். பச்சரிசியைக் கழுவாமல் மிக்சியில் சற்றுக் கொரகொரப்பாக, ரவையைவிட ஒரு மாற்று நைசாக அரைத்துக்கொண்டால் விரலிடுக்கிலிருந்து சீராக இறங்கும். கழுவி அரைத்தால் ஈரம் நின்று கட்டி தட்டும். மாவைக் கொட்டாங்குச்சியில் கொடுப்பது பார்க்க அழகுதான், ஆனால் உருளும். தட்டையான அடியுள்ள சின்ன எவர்சில்வர் கிண்ணமே நல்லது. அதையும் நிரப்ப வேண்டாம். நிரப்பிக் கொடுத்தால் பிள்ளை கைநிறைய அள்ளும், இழை விழாது, குவியல்தான் விழும்.

அடுக்குமாடி வீடுகளில் வழுவழுப்பான டைல்ஸ் மேல் உலர்ந்த மாவு நிற்காது. அங்கே மாக்கோலம்தான் சரி. பச்சரிசி 100 கிராமை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய்போல அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். நாலு விரற்கடை பழைய வேட்டித் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து லேசாக அழுத்தினால் மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். கெட்டியாக இருந்தால் காய்ந்ததும் பொருக்காக உதிரும்; அளவுக்கு மீறி நீர்த்தால் இழை பரவிவிடும். பிள்ளைகள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஈரமாக இருக்கையில் கோடு மங்கலாகத்தான் தெரியும். தெரியவில்லையே என்று அதன் மேலேயே இன்னும் இரண்டு தடவை இழுப்பார்கள். "கொஞ்சம் பொறு, காய்ந்ததும் பார்" என்று சொல்லிப் பத்து நிமிடம் கழித்துக் கூட்டிவந்து காட்டுங்கள். வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும் கோலத்தைப் பார்க்கும் அந்த முகம் எந்தப் பரிசுக்கும் ஈடில்லை. கரைத்த மாவை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் புளித்து வாடை வரும்.

அடுத்தது புள்ளி. மூன்று, நான்கு வயதில் புள்ளி வைப்பது ஒன்றே வேலை. ஒரு வாரம் அதையே செய்யட்டும். பெரியவர்கள் இரண்டு விரல் இடைவெளியில் வைப்பார்கள். பிள்ளைக்கு அது போதாது, நம் கையால் நான்கு விரல் இடைவெளி வேண்டும். மேல் வரிசையிலிருந்து தொடங்கினால் கோலம் சாய்ந்துகொண்டே போகும். நீளமான நடுவரிசையை முதலில் வைத்து, பிறகு அதற்கு மேலும் கீழும் வைக்கச் சொல்லுங்கள். எட்ட உள்ளதை முதலில் போட்டுத் தன் பக்கமாகப் பின்னோக்கி வரவும் பழக்குங்கள். இல்லாவிட்டால் வைத்த புள்ளியைத் தானே மிதித்துவிட்டு அழுகை வரும்.

ஐந்து, ஆறு வயதில் முதல் சிக்குக் கோலம், அதாவது புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து போகும் கோலம், போடலாம். புள்ளிகள் 1, 3, 1. மொத்தம் ஐந்தே புள்ளி. நடுவில் மூன்று புள்ளி வைத்து, அவற்றின் மையப் புள்ளிக்கு நேர் மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று வைக்க வேண்டும். மையத்துக்கும் மேல்புள்ளிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் தொடங்கி மேல்புள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே தன் கோட்டைத் தானே குறுக்கே வெட்டிக்கொண்டு, மையப் புள்ளிக்குப் பக்கவாட்டில் சாய்வாக இறங்கி, அடுத்த புள்ளிக்கும் மையத்துக்கும் இடையே புகுந்து அதையும் சுற்ற வேண்டும். இப்படியே நான்கு சுற்று. கை எடுக்காமல் போன கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நான்கு இதழும் நடுவில் ஒரு கட்டமும் அமையும், கட்டத்துக்குள் மையப் புள்ளி உட்கார்ந்திருக்கும். தப்பு நேருவது எப்போதும் ஒரே இடத்தில்தான். கோடு கோட்டைச் சந்திக்கும் இடத்தில் நேராக வெட்டிப் போகாமல் பிள்ளை திரும்பிவிடும். திரும்பினால் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் மூடிவிடும், கோலம் அங்கேயே முடிந்துவிடும். "சந்தியில் திரும்பாதே, நேராகப் போ" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். மாவுக்கு முன் ஈர விரலால் தரையில் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கட்டும்.

(1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தவர்களும் இத்தகைய கோலங்களுக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலம் உருவாகும் விதிகள், வகுத்தார்கள். "இது பெண்பிள்ளை வேலை" என்று பையன்களை உள்ளே அனுப்பும் தாத்தாக்களுக்காக இதைக் குறிப்பிடுகிறோம்.)

கோலத்தை ஒட்டி ஒரு கரண்டி நொய்யைத் தூவச் சொல்லுங்கள். மாவை எறும்பு எடுப்பது கண்ணுக்குத் தெரியாது. நொய்யைத் தூக்கிக்கொண்டு போவது நன்றாகத் தெரியும். முதலில் வருவது பெரும்பாலும் கடிக்காத பிள்ளையார் எறும்பு. கட்டெறும்பு வந்தால் தள்ளி நின்று பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: பல வீடுகளில் வாசற்படிக்கு வெளியே எறும்புக்குக் கோலம், படிக்கு உள்ளே எறும்பைக் கொல்லும் சாக்பீஸ் கோடு. முரண்பாடு ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சாக்பீஸ் பூச்சிக்கொல்லி. கோலமும் எழுதும் சாக்பீசும் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. கோலம் பழக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

வாயில்லா உயிரிடம் காட்டும் அன்பு இது. மனிதர்களிடம் காட்டுவதற்கும் இதே வாசலில் வழி இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு மாடிப்படிக்கட்டிலும் முழங்கால் மடக்க முடியாமல் கோலத்தைக் கைவிட்ட ஒரு பாட்டி இருப்பார். பிள்ளையை மாவுக் கிண்ணத்தோடு அவரிடம் அனுப்புங்கள். "பாட்டி, உங்க வாசல்ல நான் போடட்டுமா? எத்தனை புள்ளின்னு சொல்லுங்க" என்று கேட்கப் பழக்கினால் போதும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளிக் கணக்குச் சொல்வார், பிள்ளை போடும். எந்தப் புத்தகத்திலும் வராத கோலங்கள் இப்படித்தான் கைமாறும். வாரம் ஒரு நாள் போதும். தினமும் என்றால் இருவருக்கும் சுமையாகிவிடும்.

கோலம் இல்லாத வாசலைப் பற்றியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் கோலம் போடுவதில்லை. திதி கொடுக்கும் நாளில் காலையில் போடாத குடும்பங்களும் உண்டு. வாசல் வெறுமையாக இருந்தால் உள்ளே துக்கம் இருக்கலாம், உடம்பு முடியாதவர் இருக்கலாம். அந்த வாசலில் நின்று கத்தக் கூடாது, "ஏன் உங்க வீட்ல கோலம் போடலை?" என்று கேட்கக் கூடாது. இதை ஐந்து வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

போட்ட கோலத்தை யாராவது மிதிப்பார்கள். பால்காரர் சைக்கிள் ஏறும், நாய் படுக்கும். மிதித்தவரைத் திட்டி நாம் பிள்ளைக்கு வக்காலத்து வாங்கினால் அதுவும் திட்டத்தான் பழகும். நாளைக்கு வேறு போடப் போகிறோம் என்று விட்டுவிடலாம். ஆனால் பிள்ளை உள்ளே போனதும் கோணல் கோலத்தை அழித்து நாமே நேராகப் போடுகிறோமே, அது மட்டும் வேண்டாம். அக்கம்பக்கத்தார் பார்வைக்காகச் செய்வது அது. அடுத்த நாள் பிள்ளை மாவைத் தொடாது.

கோலப் போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கலர்ப்பொடி, ஜிகினா, அச்சுக் குழாய் எல்லாம் பெரியவர்கள் ஆசைக்கு.

ஆசிரியரிடம் எங்கள் விண்ணப்பம் இதுதான். மார்கழி மாதம் முழுக்க வாரத்துக்கு ஒரு நாளேனும் பெரிய கோலத்துக்குப் பக்கத்தில் ஐந்து புள்ளியிலோ ஒன்பது புள்ளியிலோ ஒரு குழந்தைக் கோலம் வெளியிடுங்கள். முடிந்த கோலத்தின் படம் மட்டும் போதாது. நடுவரிசை எது, கோடு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று நான்கு அம்புக்குறி சேர்த்துப் போடுங்கள். படிக்கத் தெரியாத பிள்ளையும் அதைப் பார்த்தே போட்டுவிடும்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியைகள் இருவர்,
மயிலாடுதுறை.