பெஞ்சைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்: சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகர குரு ஐயாவுக்கும், நம் சபைக் காரியங்களைப் பார்க்கும் சேகர கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

கோவிலில் இடம் போதவில்லை, பக்கச் சுவரை இடித்து விரிவாக்க வேண்டும் என்று போன வாரம் அறிவித்தீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிறு, ஆராதனை நேரத்தில் பின்னால் நின்று பாருங்கள். 10 அடி பெஞ்சில் ஆளுக்கு 20 அங்குலம் விட்டாலும் 6 பேர் இருக்கலாம். நம் கோவிலில் ஒரு பெஞ்சில் 3 பேர்தான் உட்காருகிறார்கள். சுவரோரம் காலியாகக் கிடக்க, என் அம்மா வெளியே வேப்பமரத்தடியில் இருந்து பிரசங்கம் கேட்கிறார்.

நம் ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். பெஞ்சின் ஒரு முனை சுவரை ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே போய்விட்டால் நடுவில் எழுந்து வர வழியில்லை. கைப்பிள்ளைக்காரியும் சர்க்கரை வியாதிக்காரரும் என்ன செய்வார்கள்? பாதையோரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் வருகிறவர் அவர்கள் முழங்காலைத் தாண்டிப் போகத் தயங்கி வெளியிலேயே நின்றுவிடுகிறார்.

நடுப்பாதை இப்போது 8 அடி. 5 அடி போதும், கல்யாண ஊர்வலமே தாராளமாகப் போகும். மிச்சத்தைச் சுவரோரம் ஒன்றரை அடியாக இரண்டு பக்கமும் விட்டால் பெஞ்சுக்கு இரண்டு வாசல் கிடைக்கும். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க நடுப்பாதையில் போய் ஓரமாகத் திரும்பலாம். இப்போதுபோல் எதிரெதிரே முட்டிக்கொள்ள வேண்டாம்.

முன்னால் உள்ள 2 வரிசையை எடுத்துவிட்டுப் பாய் விரியுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 4 பெஞ்சு, 24 பெரியவர்கள் இருக்கக்கூடிய இடத்தில் ஞாயிறு வேதபாடம் படிக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் 40 பேர் உட்காருவார்கள். நம் முன்னோர் தரையில் இருந்து ஆராதித்தவர்கள்தானே. எடுத்த பெஞ்சுகளை வராந்தாவில் போடலாம். பின்வரிசையில் ஒன்றை மட்டும் பாதியாக அறுத்தால் சக்கர நாற்காலிக்கு இடமாகும்.

பெஞ்சின் முதுகில் குடும்பப் பெயர் எழுதியிருக்கிறதே, எப்படித் தொடுவது என்று சிலர் கேட்பார்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் சாதிக்கொரு பக்கமாக ஜனங்களைப் பிரித்து வைத்திருந்த சுவரையே 1910-இல் இடித்தார்கள். பெஞ்சு நகர்வது பெரிய காரியமா? என் தாத்தா பெயர் எழுதிய பெஞ்சும் முதல் வரிசையில்தான் கிடக்கிறது. அதை முதலில் எடுங்கள்.

எதுவும் தரையில் பதித்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளை வரச்சொல்லுங்கள், நானும் வருகிறேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு, அதன் பிறகும் இடம் போதாவிட்டால் சுவரை இடிக்கலாம்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்