கேள்வியைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு

பண்ருட்டிப் பக்கத்துச் சொந்தங்களுக்கும், கடலூரிலும் புதுச்சேரியிலும் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த பெண்கள் சிகிச்சைக்கு வந்து சேர ஏன் இத்தனை நாளாகிறது என்ற என் ஆய்வு முடிந்தது. அறிக்கையையும் கொடுத்துவிட்டேன். அதன் அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மனசு ஒப்பவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, முந்திரி உடைக்கும் ஒரு பெரியம்மாவுக்கு. சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்க மைப்பெட்டியை நீட்டினேன். கையில் பூசியிருந்த சாம்பலை முந்தானையில் துடைத்துவிட்டு அழுத்தினார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப்பட்டுத் தோல் உரிந்துபோன கட்டைவிரல். மூன்று முறை அழுத்தியும் ரேகை விழவில்லை, கறுப்பாக ஒரு வட்டம்தான் விழுந்தது. அவரிடம் போய் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் தாமதமாக வந்தீர்கள்?" அவர் கோபப்படவில்லை. "நாங்க எங்கம்மா தாமதமா வந்தோம்? ஏழு மாசமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத்தான அலையிறோம்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கிராம சுகாதார செவிலியர் அக்கா வழி சொன்னார். "ஏன் லேட்டுன்னு கேட்டா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும்மா. மொதல்ல யார்கிட்ட சொன்னீங்கன்னு கேளுங்க." கேள்வியை மாற்றினேன். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. மகளிடம் சொன்னது, மெடிக்கலில் மாத்திரை வாங்கியது, பரிசோதித்தே பார்க்காமல் வெள்ளைப்படுதலுக்கு மருந்து எழுதிக் கொடுத்த இடங்கள். என் அறிக்கையில் உருப்படியான பகுதி அதுதான். அக்கா, அது உங்களுடையது.

கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையை அவர் பெண்களுக்குப் புரியவைத்த விதமும் மறக்காது: "ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் மாதிரிதான். ஒரு நிமிஷம், வெள்ளையாத் தெரியுதான்னு பாப்போம்." இதே எளிய சோதனையைச் செய்ததில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2007இல் காட்டியது. 2030க்குள் 70 சதவீதப் பெண்களுக்காவது பரிசோதனை நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அந்த எண்ணெல்லாம் கடைசியில் இப்படி ஒரு அக்காவின் வாய்ப்பேச்சில்தான் வந்து நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் பழக்கமான தாத்தாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மனைவிக்குக் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், கடலூரிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்தார். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. பஸ் சார்ஜ், டீ, பன், "அவளுக்கு இளநீர்", அன்றைக்கு விட்டுப்போன கூலி, எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார். கேட்டதும் நோட்டையே கொடுத்துவிட்டார். நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணப்படி வேண்டும், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்க இடம் வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அதை எழுதும் தைரியம் அந்த நோட்டைப் பார்த்த பிறகு வந்ததுதான்.

கணக்குப் போடக் கற்றுத்தந்த பேராசிரியருக்கும், பேட்டிகளைத் தட்டச்சு செய்த தம்பிக்கும், விடியற்காலையில் சாப்பாடு கட்டிக்கொடுத்த விடுதி அக்காவுக்கும் நன்றி.

என்னிடம் பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. அந்தப் பெரியம்மாவும் இல்லை. அவர் மகள் போன மாதம் தானாகவே வந்து பரிசோதனை செய்துகொண்டதாகச் செவிலியர் அக்கா போனில் சொன்னார்.

அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். முந்திரி சீசன் தொடங்குவதற்குள், தை மாதம் வருகிறேன். தாத்தா, உங்கள் நோட்டையும் எடுத்து வருகிறேன்.