வேப்பமரத்தை வெட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கொல்லைக் குட்டையில் தண்ணீரே தெரியவில்லை, மஞ்சள் இலை பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. மரத்தை வெட்டிவிடலாம் என்று கீழே எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வேம்பு வருஷம் முழுக்கவா இப்படிக் கொட்டுகிறது? மாசி, பங்குனியில் சில வாரம்தான். அப்புறம் தளிர்த்துவிடும். சித்திரை வெயிலில் உன் குட்டைக்கு நிழல் அந்த ஒரு மரம்தான். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். மரம் போனால் இலை விழாது, சரி, மீன் மூச்சுக்குத் தவிக்குமே.

மிதக்கிற இலையால் பெரிய கெடுதல் இல்லை. அது ஊறி அடியில் போய் மக்கும்போதுதான் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்கிறது. விடியும் நேரத்தில் அது இன்னும் குறைவாக இருக்கும், ராத்திரியில் பாசியும் ஆக்சிஜன் தராது. காலை 5:30 மணிக்குப் போய்ப் பார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தீவனத்தை நிறுத்திவிட்டு மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடு.

அடிச்சேற்றில் மட்டும் இப்போது கை வைக்காதே. 2 வருஷத்துக்கு முன் நான் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாரினேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. மறுநாள் காலையில் 14 ரோகு மிதந்தன. கையால் வளர்த்த மீன்கள், இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மீன் பிடித்துத் தண்ணீர் வற்றிய பிறகு அந்தச் சேற்றை வெட்டித் தென்னைக்குப் போடலாம், நல்ல உரம்.

இலை மூழ்குவதற்குள் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 40 அடிக் குட்டையைக் கைவலையால் அரித்து மாளாது. வைக்கோல் பிரி ஒன்றைத் தடிமனாக, குட்டையின் அகலத்துக்கு மேல் நீளமாகத் திரித்துக்கொள். எதிரெதிர்க் கரையில் நீயும் தங்கச்சியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தண்ணீர் மேல் மிதக்கவிட்டு மெதுவாக நடங்கள். இலை எல்லாம் பிரிக்கு முன்னால் ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசிக் கரையில் கூடையால் அள்ளிவிடலாம். காற்று எழும்பும் முன் செய்ய வேண்டும்.

இன்னொன்று, மரத்திலிருந்து நேராக விழுவதை மட்டும் பார்க்காதே. தரையில் காய்ந்து கிடப்பதைக் காற்று உருட்டிக்கொண்டு வரும். காற்று வரும் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பழைய வலையைக் கட்டு, தினமும் கூட்டு.

உதிர்வு மும்முரமாக இருக்கும் நாட்களில் மேலேயும் வலை போடலாம். வேப்பிலை சின்னது, பெரிய கண் வலையில் நழுவி விழுந்துவிடும், பொடிக்கண் வலையாக வாங்கு. நட்ட நடுவில் இரண்டு கம்பம் நட்டுக் கயிறு இழுத்து, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துப் போட்டால் இலை கரைக்கு வந்துவிடும். நடுவில் தொய்ந்தால் இலையின் பாரத்தில் வலையே தண்ணீரில் இறங்கும். ஓரத்தைத் தரையில் தளர்வாக விடாதே, தண்ணீர்ப்பாம்பும் சாரையும் சிக்கிச் சாகும். ஒரு சாண் தூக்கி இறுக்கிக் கட்டு. தளிர் வந்ததும் கழற்றிவிடு.

நைலான் கயிறு என்னிடம் மீதி இருக்கிறது, வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் மரம் வெட்டுகிற ஆளைக் கூப்பிடாதே.

அன்புடன்,
அக்கா