ஏஜென்ட் நிரல்மொழிகளுக்குப் பொதுக் கருவிகள் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமே முடிவெடுத்துச் செயல்படும் ஏஐ ஏஜென்ட்டுகளைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. இத்துறை முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதையும், அதில் இன்னும் தீராத குறை ஒன்று உண்டு என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஏஜென்ட் சார்ந்த நிரலாக்கம் என்ற கருத்தை கணினி அறிவியலாளர் யோவ் ஷோஹம் 1993இல் விரிவாக முன்வைத்தார். 1996இல் ஆய்வாளர் ஆனந்த் ராவ், ஏஜென்ட்டுகளை எழுதுவதற்கான ஏஜென்ட்ஸ்பீக் என்ற நிரல்மொழியை வகுத்தார். பின்னர் ஜேசன், கோல், டூஏபிஎல் எனப் பல மொழிகள் வந்தன. தோற்றத்தில் வேறுபட்டாலும், ஏஜென்ட் தன் சூழலைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கைகள், அடைய வேண்டிய இலக்குகள், அதற்கான திட்டங்கள் என்ற அடித்தளம் இவற்றுக்கு ஏறத்தாழ ஒன்றே. அப்படியிருந்தும் நிரல் எழுத உதவும் எடிட்டர், பிழை தேட உதவும் டீபக்கர், சோதனைக் கருவி ஆகியவை பெரும்பாலும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகவே உருவாக்கப்பட்டு வந்துள்ளன. இதில் அரிய உழைப்பு வீணாகிறது.

பொதுவான நிரல்மொழியான ஜாவாவுக்கு இருக்கும் டீபக்கரே போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஜேசன் ஜாவாவில் எழுதப்பட்டதுதான். ஆனால் அந்த டீபக்கர் வரிவரியாகக் காட்டுவது ஜேசனின் உள்ளியக்கத்தையே. நிரல் எழுதுபவருக்குத் தெரிய வேண்டியதோ, ஏஜென்ட் எந்த நம்பிக்கையின் பேரில் இந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது, ஏற்றுக்கொண்ட இலக்கை எப்போது, ஏன் கைவிட்டது என்பதாகும். இக்கேள்வி இம்மொழிகள் அனைத்துக்கும் பொதுவானது. ஆகவே விடை தரும் கருவியும் பொதுவாக இருக்க முடியும்.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிய சூழல் இடைமுகத் தரம், ஏஜென்ட்டையும் அது இயங்கும் சூழலையும் பிரித்து வைத்ததால், ஒருமுறை எழுதிய சூழலை ஜேசன், கோல், டூஏபிஎல், ஜேடெக்ஸ் ஆகிய நான்கு ஏஜென்ட் அமைப்புகளிலும் பயன்படுத்த வழி பிறந்தது. ஜாவா நிரல்களைச் சரிபார்க்கும் நாசாவின் ஜாவா பாத்ஃபைண்டர் கருவி மீது பிரிட்டன் ஆய்வாளர்கள் கட்டிய ஏஜேபிஎஃப் என்ற சரிபார்ப்புக் கருவி இன்னும் ஆழமானது: ஏஜென்ட் செல்லக்கூடிய பாதைகளை எல்லாம் ஆராய்ந்து, விதி மீறப்படுகிறதா என்று அது சரிபார்க்கிறது. ஆளில்லா விமானங்கள், அணியாகச் செல்லும் தானியங்கி வாகனங்கள் ஆகியவற்றின் முடிவெடுக்கும் நிரல்கள் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன. அதன் வேகம் குறைவு. அதன் பொது அடுக்கின் மேல் ஒவ்வொரு மொழியையும் மறுபடி எழுத வேண்டியும் இருக்கிறது. எனினும் மொழிதோறும் புதிய சரிபார்ப்புக் கருவியை அடியிலிருந்து கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பிற நிரல்மொழிகளில் எடிட்டர் தொடர்பான இதே சிக்கலை, 2016இல் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வைத்த, எடிட்டரும் மொழிக் கருவியும் தொடர்புகொள்வதற்கான பொது விதிமுறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் பெருமளவு தீர்த்தது. ஏஜென்ட் மொழிகளுக்கு முதலில் வேண்டுவது, நம்பிக்கை மாற்றம், இலக்கு ஏற்பு, திட்டத் தேர்வு, கைவிடல் ஆகிய நிகழ்வுகளைப் பதிவுசெய்ய ஒரு பொது வடிவம். அது அமைந்துவிட்டால் டீபக்கரும் சோதனைக் கருவியும் அதன் மேல் எழும். பல்கலைக்கழகங்கள் இத்தகைய கருவிகளைப் பராமரிப்பதையும் ஆய்வுப் பணியாக மதிப்பிட்டு, அதற்கு நிதி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினியியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்