இன்சுலின் பை உன் தோளிலேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

டிக்கெட் போட்டாயிற்று, விசாவும் வந்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். "எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா" என்று போனில் சொன்னாய். தெரியும்தான், உன் சர்க்கரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு அதிகமாகவே தெரியும். ஆனால் வீட்டில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்வது வேறு. மணிக்கணக்காக விமானத்தில் உட்கார்ந்து, இறங்கின இடத்தில் கடிகாரமே மாறிப்போய், பசியும் தூக்கமும் தாறுமாறாக இருக்கும்போது பார்த்துக்கொள்வது வேறு. நீ அலுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பை. இன்சுலின், பேனா, ஊசி, மீட்டர், ஸ்ட்ரிப், சென்சார் எல்லாமே கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் ஒரு பேனாகூட வைக்காதே. பெட்டி தொலைந்தால் என்ன செய்வாய் என்பது ஒன்று. சரக்கு வைக்கிற இடத்தில் குளிர் அதிகமாகி இன்சுலின் உறைந்துபோகலாம் என்பது இன்னொன்று. உறைந்து உருகின இன்சுலின் பார்க்கப் பழையபடியே தெரியலாம், ஆனால் அதை நம்பிப் போட முடியாது, குப்பைக்குத்தான் போக வேண்டும். தேவையானதைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, கூட வருகிறவர்களின் கைப்பையில் பாதியை வைத்துவிடு. அப்புறம், விமானம் நிரம்பிவிட்டால் ஏறுகிற வாசலிலேயே கைப்பையையும் வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் சட்டென்று உருவி எடுக்க வசதியாக மருந்து தனியாக ஒரு சின்னப் பையில் இருக்கட்டும்.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றி நீ பயப்பட வேண்டியதில்லை. 100 மில்லிலிட்டர் திரவக் கட்டுப்பாட்டில் மருந்துக்கு விலக்கு உண்டு, டாக்டர் கடிதமும் மருந்தின் அட்டைப்பெட்டியும் கையில் இருந்தால் போதும். கடிதத்தில் பிராண்டு பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரச் சொல், ஏனென்றால் அதே இன்சுலின் வேறு நாட்டில் வேறு பெயரில் இருக்கும். சர்க்கரையைத் தொடர்ந்து காட்டுகிற சென்சாரை உடம்பில் போட்டிருக்கிறாய் அல்லவா, சில கம்பெனிகள் எக்ஸ்ரேயும் உடல் ஸ்கேனரும் வேண்டாம் என்கின்றன. கையேட்டைப் பார்த்துக்கொள், வேண்டாம் என்று போட்டிருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையான கவலை நேர வித்தியாசம்தான். இரண்டு மூன்று மணி நேரம் என்றால் பெரிதாக எதுவும் மாற்ற வேண்டியிருக்காது. கிழக்கே ஆறு மணி நேரம் தள்ளிப் போகிறாய் என்று வை, நீ இரவு பத்து மணிக்குப் போடுகிற நீண்டநேர இன்சுலினை அந்த ஊர்ப் பத்து மணிக்குப் போட்டால், முந்தின ஊசிக்கும் இதற்கும் நடுவில் பதினெட்டு மணி நேரம்தான், ஒன்றின் மேல் ஒன்று ஏறி சர்க்கரை இறங்கும். மேற்கே போனால் நேர்மாறு: முப்பது மணி நேரம் ஆகிவிடும், நடுவில் சில மணி நேரம் உடம்பில் இன்சுலின் போதாமல் சர்க்கரை ஏறும். எத்தனை யூனிட் குறைக்க வேண்டும், எப்போது பிரித்துப் போட வேண்டும் என்பதை நானும் நீயும் முடிவு செய்யக் கூடாது. விமான நேரங்களை எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ, அவர் அட்டவணை போட்டுத் தரட்டும். விமானத்தில் இருக்கிற வரை கைக்கடிகாரத்தைப் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே விட்டுவை, இல்லாவிட்டால் குழம்பிப்போவாய்.

சாப்பாட்டு ஊசியை, தட்டு உன் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகே போடு. வண்டி தூரத்தில் வருகிறது என்று போட்டுவிடாதே, விமானம் குலுங்கினால் பரிமாறுவதை அப்படியே நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான தனிச் சாப்பாடு என்று முன்பதிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல நேரம் அதில் மாவுச்சத்து ரொம்பக் குறைவாக இருக்கும், சாதாரணச் சாப்பாட்டை வாங்கி நீயே கணக்குப் பார்த்துக்கொள்.

போன இடத்தில், திறக்காத பேனாக்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். அறையில் இருக்கிற குட்டி ஃபிரிட்ஜில் உறைவிக்கும் தகட்டை ஒட்டி வைக்காதே. பயன்பாட்டில் இருக்கிற பேனா 30 டிகிரிக்குள் வெளியிலேயே இருக்கலாம், பெரும்பாலான இன்சுலின்களுக்கு 28 நாள், உன்னுடையதற்கு எவ்வளவு என்று அட்டையில் பார். வெயிலில் நிற்கிற காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதே.

மீட்டர் உடைந்து அங்கே புதிதாக வாங்க நேர்ந்தால் எண்ணைப் பார்த்துப் பதறாதே. பல நாடுகளில் மில்லிமோல் கணக்கு, அதை 18ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு வரும். அங்கே 5.5 என்றால் இங்கே ஏறக்குறைய 100. சிரிஞ்ச் விஷயம் இதைவிட ஆபத்து. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருக்கிற யூ-100 இன்சுலினை, 40 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கான யூ-40 சிரிஞ்சில் இழுத்தால், பத்து என்று நினைத்து இருபத்தைந்து யூனிட் போட்டுக்கொள்வாய். அந்த இன்சுலினுக்கு உரிய சிரிஞ்ச் இல்லாமல் போடவே போடாதே.

ஊர் சுற்றும்போது வழக்கத்தைவிட ரொம்ப நடப்பாய், வெயிலில் இன்சுலின் வேகமாகவும் ஏறும். இரவில் தூங்குவதற்கு முன் ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்துவிடு. 70க்குக் கீழே போனால் தெரிந்த வழிதான்: 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம், மறுபடி சோதனை. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாமல் போனாலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்திவிடாதேம்மா, உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத உன் டைப் 1இல் அங்கேதான் கீட்டோன் என்கிற அமிலம் ரத்தத்தில் ஏறும். ஸ்ட்ரிப்பில் கீட்டோன் பார், தண்ணீர் குடி, வாந்தி நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காதே என்பதும் இதனால்தான், மறைத்தால் அந்தச் செலவைத் தர மாட்டார்கள்.

கூட வருகிற அலுவலகத் தோழிகளிடம் இன்னும் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், அறையில் உன்னோடு தங்கப்போகிற ஒருத்தியிடமாவது சொல். குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது, சர்க்கரையை ஏற்றுகிற அவசர மருந்தான குளுகாகானை எப்படிப் போடுவது, நீ மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, இந்த மூன்றும் அவளுக்குத் தெரிந்தால் நாங்கள் இங்கே கொஞ்சம் தூங்குவோம்.

சரி, டாக்டரிடம் எந்த நாளுக்கு நேரம் வாங்கினாய்? கடிதம் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு, அம்மாவுக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா