நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்குக் குடும்பத்தை மையப்படுத்திய பயிற்சி வழங்குமாறு கோரும் மனு

மேன்மைதங்கிய ஆளுநர் அவர்கள்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

மேன்மைதங்கிய ஐயா,

மூதூர்ப் பிரதேசத்தில் இருபத்தாறு வருடங்கள் ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவளும் எமது கிராமச் சிறுவர் அபிவிருத்திக் குழுவின் அங்கத்தவளுமாகிய நான், நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளின் வீட்டு நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும் எமது மாவட்டத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்குக் குடும்பத்தோடு சேர்ந்து பணியாற்றும் முறையிலும், பிள்ளை வீட்டை விட்டுப் பிரிய நேருமுன் தடுக்கும் பணியிலும் முறையான பயிற்சி வழங்குமாறு தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு பையனின் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போயிருந்தார். தகப்பன் வேறு குடும்பமாகிவிட்டார். அம்மம்மாவோடு இருந்த அவன், பாடசாலைக்கு வராமல் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டு நின்றதால், விடயம் நீதிமன்றம் வரை போயிற்று. வீட்டில் மலசலகூடம் இல்லை, அம்மம்மாவுக்கு வயது போய்விட்டது, தாய் நாட்டில் இல்லை என்று நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றும் பொய்யல்ல. ஆனால் இரண்டு வளவு தள்ளிக் குடியிருந்த சின்னம்மாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. அவரிடம் எவரும் போய்க் கேட்கவுமில்லை. பிள்ளை ஏறக்குறைய நான்கு வருடங்கள் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தான். அம்மம்மா மாதமொருமுறை பால்மா ரின்னில் பனங்காய்ப் பணியாரம் நிறைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் அவனைப் பார்த்துவந்தார். ஒரு மலசலகூடம் கட்டும் செலவு, ஒரு பிள்ளையை நான்கு வருடம் இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் செலவுக்குக் கிட்டவும் வராது.

அந்த உத்தியோகத்தரை நான் குறை கூறவில்லை. நீதிமன்றத் தவணைக்கு முன் அறிக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில், வீட்டின் குறைகளைப் பதிய அவருக்குத் தெரிந்திருந்தது. அக்குடும்பத்தின் பலத்தைத் தேடிப் பார்க்க அவருக்கு எவரும் பழக்கியிருக்கவில்லை.

சட்டமோ இதற்குத் தடையாக இல்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமே, பிள்ளையைத் தகுதியான உறவினரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும், பிள்ளை வளர்வதற்குரிய இயல்பான இடம் குடும்பமே என்கிறது. குற்றப் பொறுப்புக்கான ஆகக்குறைந்த வயது 2018இல் எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டபின், அவ்வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தவறுகளுக்கு விடை காண வேண்டிய இடம் வீடுதான். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாணத்துக்கு உரியவை என்பதாலேயே இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறேன்.

ஒரு நாள் மண்டபத்தில் கூடி, கோவையும் சான்றிதழும் வாங்கிக் கலையும் செயலமர்வு இதற்குப் போதாது. உறவுமுறையைத் தாளில் வரைந்து யார் யார் கைகொடுப்பார்கள் என்று கண்டறிதல், தாய்மாமன் முதல் சின்னம்மா வரை ஒரே பாயில் இருத்திப் பேசுதல், பிள்ளையின் விருப்பத்தைத் தனியே கேட்டல், வீடு திரும்பிய பிள்ளையை ஒரு வருடமாவது தொடர்ந்து போய்ப் பார்த்தல் ஆகியவற்றை, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், உண்மையான குடும்பங்களோடு ஆறு மாதமாவது பழகிக் கற்க வேண்டும். பயிற்சியும் கைந்நூல்களும் தமிழ்மொழி மூலம் அமைய வேண்டும். ஒரு தாயின் கண்ணீருக்கு முன்னால் சொல்ல வேண்டியதை மொழிபெயர்ப்பில் கற்க முடியாது.

தடுப்புப் பணியைப் பற்றி ஆசிரியை என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வீடு ஆட்டங்காண்பதை முதலில் காட்டுவது வகுப்பு வரவு இடாப்புத்தான். திங்கட்கிழமைகளில் வராத பிள்ளை, பிறகு கிழமைக்கு இரண்டு நாள் மட்டுமே வரும். அந்த நேரத்திலேயே நன்னடத்தை உத்தியோகத்தரும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், கிராம உத்தியோகத்தரும், குடும்பநல உத்தியோகத்தரும் சேர்ந்து அவ்வீட்டுப் படியேறினால், நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவையே பல வேளைகளில் எழாது. ஆகவே இவர்களையும் அதே பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

தாய்மார் பலர் வெளிநாடு சென்றிருக்கும் மூதூர், கிண்ணியா, வெருகல் பிரதேசங்களில் இதை முதலில் தொடங்குமாறும், எமது குழுவினர் தங்களை நேரில் சந்தித்து விளக்கமளிக்க ஒரு திகதி தருமாறும் மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மூதூர்.