விருதுநகர் போய் வந்தோம்

அன்புள்ள சொக்கலிங்கத்துக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கு நானும் அப்பச்சியும் சௌக்கியம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே மீட்டிங் இருக்கிறது என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணம். முடிந்ததும் காரைக்குடிக்குத் திரும்பாமல் அப்பச்சி காரை விருதுநகருக்கு விடச் சொன்னார்கள், காமராஜர் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். அப்பச்சியின் சின்ன வயதில் நம் வீட்டில் தூண்கள் மட்டும்தான் கொழுத்திருந்தன, உலை கொதிக்காத நாட்கள் உண்டு. காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுதான் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது. யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

வீடு சின்னது. ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும் பார்த்த கண்ணாயிற்றே, எனக்கு ‘இவ்வளவுதானா’ என்றிருந்தது. நம் முகப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்பச்சி படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்கள். எனக்குக் காமராஜருடைய அம்மா சிவகாமி அம்மாள் நினைப்பாகவே இருந்தது. பையனுக்கு ஆறு வயது இருக்கும்போது புருஷன் போய்விட்டார். காதுத்தோடு தவிர எல்லா நகையையும் விற்று, பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டு, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தியிருக்கிறாள். வட்டிக் கணக்கில் நம் ஆச்சிகளை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன்! அப்பச்சி அதைச் சொன்னபோது என் கை தானாகக் காதுக்குப் போனது.

1954 முதல் 1963 வரை மகன் முதலமைச்சர். தாய் இந்த வீட்டிலேதான். சென்னையில் கூட வைத்துக்கொள்ளவில்லை, மாதம் 120 ரூபாய் அனுப்புவார் என்பார்கள். முனிசிபாலிட்டியார் வீட்டுக்குப் போட்டுக்கொடுத்த தண்ணீர்க் குழாயைப் பிடுங்கச் சொன்ன கதையையும் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் செய்தது சரிதான், நானும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். அப்பச்சி மானாமதுரை வரைக்கும் பேசவில்லை. அப்புறம், “சொக்கு எப்போது வருகிறானாம்?” என்றார்கள்.

நீ அனுப்புவது 120 ரூபாய் இல்லை, எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. அவருக்கு நாடு இருந்தது. உனக்கு அந்த கம்பெனிதானே, லீவு கேள்.

நம் வீட்டின் இரண்டாம் கட்டில் ஓடு ஒழுகுகிறது. மூன்று இடத்தில் அண்டா வைத்திருக்கிறேன். கொத்தனார் தை பிறந்துதான் வருவானாம், பங்காளிகளிடம் செலவைக் கேட்க நீ இருந்தால் நல்லது. பொங்கலுக்கு வா. பிள்ளைகளுக்குச் சீப்புச் சீடை சுட்டு வைக்கிறேன். டிக்கெட் போட்டதும் முதலில் எனக்குச் சொல். அப்பச்சியிடம் சொன்னால் அன்றைக்கே வெள்ளையடிக்க ஆள் பிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஆத்தா